விரதக்காரரின் கறுப்பு டப்பா

தோற்றுவிட்டு வந்து அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் என் அக்காவின் கணவர்.

பேருந்துப் பணிமனையில் டியூட்டி கிளார்க். எந்த ஓட்டுநர், எந்தக் கண்டக்டரோடு, எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. ஒரு ஓட்டுநருக்கு முதுகுவலி, மேட்டுப் பாதை ஆகாது. ஒரு கண்டக்டருக்கு இன்னொரு ஓட்டுநரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்கு விடியற்காலை ஆகாது, ஒருவருக்குச் சாயங்காலம் ஆகாது, ஒருவருக்கு வேலையே ஆகாது. இத்தனை ஆகாதுகளையும் எதிரே வைத்துக்கொண்டு, ஒருவர் மனமும் நோகாமல் வண்டிகளை வெளியே அனுப்பிவிடுவார். பணிமனையில் அவரைத் தங்கமான மனுஷர் என்பார்கள். ஊரில் எல்லாருக்கும் தங்கமாக இருப்பவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்தும் அவர் அதே வேலையைத்தான் செய்தார். ஓட்டுநர்களுக்குப் பதில் கார்டுகள்.

ரம்மி போலப் பணம் வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. படம் போட்ட கார்டுகள். மிருகம், வீரன், பேய், நெருப்பு, கோட்டை என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாக்கெட்டாக விற்பார்கள். பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. வாங்கிச் சேர்த்ததிலிருந்து நாற்பது கார்டுகளைப் பொறுக்கி எடுத்தால் அது ஒரு டெக். எதிரெதிரே இரண்டு பேர் உட்காருவார்கள், ஆளுக்கு இருபது உயிர். கார்டுகளை இறக்கி எதிராளியின் உயிரைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அடிபட்டுச் செத்த கார்டுகள் மேசை ஓரத்தில் ஒரு குவியலாகச் சேரும். அதைக் குழி என்பார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் பல வருஷம் இவ்வளவுதான் தெரியும்.

பலமான கார்டுகளாகச் சேர்த்து ஜெயிக்கப் பார்ப்பது மனித இயல்பு. அத்தானுக்கு அது மட்டம். முதலில் ஒரு நிபந்தனை போட்டுக்கொள்வார், பிறகுதான் டெக். பறவைகள் மட்டும். கால் இல்லாத ஜந்துக்கள் மட்டும். படத்தில் எங்காவது ஒரு கதவு தெரிய வேண்டும். படத்தில் வானம் தெரியவே கூடாது. ஒரு மழைக்காலம் முழுக்க, யாரும் சிரிக்காத கார்டுகளாகவே தேடிக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாயின் உதட்டோரத்தில் இருப்பது சிரிப்பா வலியா என்று பூதக்கண்ணாடியில் வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, தீர்ப்புக்கு அக்காவைக் கூப்பிட்டார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து பார்த்து, வலி என்றாள். அவர் நிம்மதியாக அதை டெக்கில் சேர்த்துக்கொண்டார்.

கடிகாரக் கடை ஒன்றின் மாடியில், சனிக்கிழமைதோறும் இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள். நீளமான மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடினால் கார்டு பறக்கும் என்று எப்போதும் நிறுத்தியே வைத்திருக்கும் மின்விசிறி. கடைக்காரர் வாரம் ஒரு நிபந்தனையைச் சிலேட்டில் எழுதி வைப்பார். தலை நரைத்த ஆண்கள் அதன் முன்னால் நின்று பரீட்சை முடிவு பார்க்கிறவர்களைப் போல முகத்தைத் தூக்கி வாசிப்பார்கள். வெளியில் இவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் நிலம் அளக்கிறவர், ஒருவர் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த தாத்தா. மாடிப்படி ஏறிவிட்டால் எல்லாருக்கும் வயது பத்து. பத்து வயதுப் பிள்ளையிடம் இருக்கும் வெட்கம்கூட இவர்களிடம் இல்லை.

இந்தக் கூட்டத்திலும் அத்தான் ஒரு படி மேலே. சிலேட்டில் இருக்கும் நிபந்தனை போதாதென்று தனக்கென்று இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வார். கடைக்காரர் நெருப்புக் கார்டு கூடாது என்று எழுதினால், இவர் நெருப்பும் வேண்டாம் நீரும் வேண்டாம் என்பார். பல் டாக்டர்தான் அவருக்கு விரதக்காரர் என்று பேர் வைத்தார். "நம்ம விரதக்காரர் இன்னிக்கு எதை விட்டுட்டாராம்?" என்று கேட்டுக்கொண்டேதான் மேசைக்கு வருவாராம். அத்தான் அந்தக் கிண்டலைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். தோற்பார். தோற்றுவிட்டு, வானம் தெரியாத கார்டுகளை வைத்துக்கொண்டே எதிராளியின் பதினாறு உயிரை எடுத்தேன் தெரியுமா என்று வீட்டில் வந்து சொல்வார். அவர் தோற்கவில்லை, நிபந்தனைதான் தோற்றது. இப்படி ஒரு வசதியை எந்தச் சோம்பேறியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

கார்டோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கல்யாணமான புதிதில் ஊர் சுற்றப் போனபோது, இரட்டைப்படை எண் போட்ட பேருந்தில் மட்டும்தான் ஏறுவது என்று முடிவு செய்தார். மூன்று மணி நேரத்தில் போகவேண்டிய இடத்துக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அக்கா அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மா, "மனுஷன் குடிக்கிறாரா, அடிக்கிறாரா? பஸ்ஸு நம்பர் பாக்குறாரு. பாத்துட்டுப் போகட்டும்," என்று முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைகளை அளக்கும் கோல் அவ்வளவு குட்டையானது.

இந்த நிபந்தனைப் பைத்தியம் எப்படித் தொடங்கியது என்பதை அக்காதான் பிற்பாடு சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அத்தானிடம் ஒரே ஒரு டெக்தான் இருந்ததாம். கறுப்பு உறை போட்ட நாற்பது கார்டுகள், ஒரு கறுப்பு டப்பாவில். அதை வைத்துக்கொண்டு அந்த மாடியில் அவர் தோற்றதே இல்லை. வெளியூர்ப் போட்டிகளிலும் ஜெயித்திருக்கிறார். கடைசியில் அவர் கறுப்பு டப்பாவைத் திறந்தாலே எதிரில் இருப்பவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடுவார்களாம். அந்த டெக்கின் வித்தை இதுதான்: தன்னுடைய பெரிய மிருகங்களைத் தானே குழியில் தள்ளிவிடும். எதிராளி, இவருக்கு என்ன பைத்தியமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, எழுப்புகிற கார்டு ஒன்றை இறக்கிக் குழியில் கிடப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் எழுப்பி நிறுத்திவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது.

அக்காவுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்ததும் அதை வைத்துத்தான். அவள் தோற்றாள், திரும்பத் தோற்றாள், ஒருநாள் கார்டுகளை மேசையில் போட்டுவிட்டு, இனிமேல் உங்களோடு உட்கார்ந்தால் என் பேரை மாற்றி வையுங்கள் என்று எழுந்துவிட்டாள். மறுநாள் அவர் பறவைகள் டெக்கோடு வந்து உட்கார்ந்தார். அவள் ஜெயித்தாள். கறுப்பு டப்பா அலமாரிக்கு மேலே போனது. அத்தோடு சரி.

இதைக் கேட்டால் உருகிப்போகிறவர்கள் இருப்பார்கள். எனக்கு உருகவில்லை. மனைவி கோபித்துக்கொண்டாள் என்றால், அவளை நன்றாக ஆடுகிறவளாக ஆக்கலாம். இவர் தன்னை மட்டமாக ஆடுகிறவராக ஆக்கிக்கொண்டார். அதுதான் சுலபம்.

அக்கா நன்றாகவே ஆடக் கற்றுக்கொண்டாள், அவரால் இல்லை, அவரையும் மீறி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். அவர் நிபந்தனையைச் சொல்லமாட்டார். அவள் கண்டுபிடிக்கவேண்டும். நாலு கார்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுவாள். "எல்லாப் படத்துலயும் தண்ணி இருக்கு." "எல்லாரும் இடது கைக்காரங்க." அவர் வாயைப் பிளப்பார். நுண்ணோக்கியில் ஆயிரம் அணுக்களுக்கு நடுவில் கெட்டுப்போன ஒன்றைப் பிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? அவரோ அதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்வார்.

அவள் தன் ரத்தத்தையும் அப்படித்தான் கண்டுபிடித்தாள். உடம்பு அசதியாக இருக்கிறது என்று தன் கூடத்திலேயே தன் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாரும் அவளுக்கு விட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். டாக்டர் எண்களைச் சொல்லாமல், பரவாயில்லை என்றார். கூடத்தில் அவளுடைய மேலதிகாரி, நீங்கள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்றார். பக்கத்து வீட்டுக்காரி குழாயடி வரிசையில் தன் குடத்துக்கு முன்னால் அவள் குடத்தை நகர்த்தி வைத்தாள். நான்கூட அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஆரம்பித்திருந்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் ஒருநாள் அவளே, "நீயாவது எங்கூடச் சண்டை போடுடி," என்றாள்.

அவள் என்னிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னது அப்போதுதான். துணி மடித்துக்கொண்டிருந்தோம். அத்தான் பணிமனையில்.

"அந்தக் கறுப்பு டப்பா கூட ஒரு ஆட்டம் ஆடணும். ஒண்ணே ஒண்ணு. அவரு விட்டுக்குடுக்காம, நான் ஜெயிக்கணும்."

ஜெயிக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியும். அதுக்கு மருந்து இருக்கு. குழிய எரிக்கிற கார்டு. அவரு எழுப்பலாம்னு வரப்போ எல்லாத்தையும் சாம்பலாக்கிடலாம். எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. இன்னும் வேணும். நீ போய் வாங்கிட்டு வா. அவருக்குத் தெரியக்கூடாது."

அப்படித்தான் நான் முதன்முதலாக அந்த மாடிப்படி ஏறினேன். வாரநாள், கூட்டமில்லை. கடைக்காரர், நான் எழுதிக் கொண்டுபோன பெயர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இதெல்லாம் பழைய கார்டு, குழியை வைத்து ஆடுகிற டெக் இங்கே இப்போது யாரிடமும் கிடையாதே, வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், கையில் வைத்துக்கொண்டு முழிக்கவேண்டியதுதான் என்றார். ஒரே ஒரு ஆளுக்கு எதிராக ஆட என்றேன். ஒரு ஆளுக்காகவா இத்தனை கார்டு என்று சிரித்துக்கொண்டே அடியிலிருந்த பெட்டியைத் துழாவி எடுத்துத் தந்தார். அந்த ஆள் யார் என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் அந்த மாடியில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

அக்கா தன் டெக்கை மாற்றினாள். நாற்பதில் பாதிக்கு மேல் போயிற்று. நல்ல நல்ல சிங்கங்களை எடுத்துவிட்டு, அந்தச் சாம்பல் நிறக் கார்டுகளைச் சேர்த்தாள். இனிமேல் அவளுடைய டெக் உலகத்தில் ஒரே ஒரு டெக்கை மட்டும்தான் ஜெயிக்கும். மற்றதெல்லாவற்றிடமும் தோற்கும். அதுவும் ஒரு நிபந்தனைதான், ஆனால் அது தன் கையைக் கட்டிக்கொள்வதற்காகப் போட்டதில்லை, ஜெயிப்பதற்காகப் போட்டது.

பிறகு அவரிடம் கேட்டாள். ஒரு தடவை கறுப்பு டப்பாவை இறக்குங்கள் என்றாள். அவர் சிரித்து மழுப்பினார். உடம்பு தேறட்டும் என்றார். அடுத்த வாரம் கேட்டாள். அவர் நீலக் கண் உள்ள கார்டுகள் மட்டும் வைத்து ஒரு டெக் கட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்கொண்டே இருந்தாள், அவரும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு விரதத்தோடு வந்து உட்கார்ந்தார்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த நாளிலிருந்து அக்கா தோற்கத் தொடங்கினாள். தோற்காமல் என்ன செய்வாள்? கை நிறையக் குழியை எரிக்கிற கார்டு. எதிரே நீலக் கண் பூனைகள், வயலின் வாசிக்கிற தவளைகள். எரிப்பதற்குக் குழியில் ஒன்றும் இல்லை. அவள் கார்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்து வருஷமாக நாலாவது கார்டில் தன் ரகசியத்தைச் சொன்னவள் இப்போது கையிலிருக்கும் கார்டை இறக்கக்கூட மறந்துபோகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். சமையலறையில் என்னைத் தனியாகப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றார். சொல்லக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் நான் பாத்திரத்தைக் கழுவினேன்.

அவள் தோற்கத் தோற்க, அவர் இன்னும் மட்டமான டெக் கட்டினார். அவள் ஜெயிக்கட்டும் என்று. முட்டைகள் மட்டும் உள்ள டெக். தூங்குகிறவர்கள் மட்டும் உள்ள டெக். தூங்குகிறவர்களை வைத்துக்கொண்டும் அவர் ஜெயித்துத் தொலைத்தார். கார்டு விளையாட்டில் கரை கண்டவர், வெளியூரில் கோப்பை வாங்கியவர். எதிராளி கார்டை இறக்காமல் கையில் வைத்திருக்கிறார் என்றால் எதற்கோ காத்திருக்கிறார் என்பது அந்த மாடியில் புதிதாக வந்து உட்காரும் பொடியனுக்குத் தெரியும். இவருக்குத் தெரியவில்லை. மனைவியை அவர் எதிராளியாகப் பார்ப்பதை விட்டுப் பல வருஷமாயிற்று. நோயாளியாகப் பார்க்கப் பழகிக்கொண்டது மட்டும் புதுசு.

கடைசியில் ஒரு மத்தியானம் அவர் ஒத்துக்கொண்டார். அக்கா அப்போது படுக்கையோடு இருந்தாள். முதுகுக்கு மூன்று தலையணை, மடியில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை. அவர் ஸ்டூலில் ஏறி, அலமாரி மேலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்து, தூசி தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். முகத்தில் எத்தனையோ மாதமாகக் காணாத ரத்தம்.

கறுப்பு உறை போட்ட கார்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் அடித்தார், அவள் தாங்கினாள், அவள் உயிர் குறைந்தது. அவள் கார்டுகளை இறக்காமல் காத்துக்கொண்டே இருந்தாள். அவர் பக்கத்துப் பலகை ஓரத்தைப் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். அவருடைய குழியில் ஒன்றுமே இல்லை.

"உங்க குழி எங்கங்க?" என்றாள்.

அவர் கையிலிருந்த கார்டுகளைத் திரும்ப அடுக்கினார்.

"சாவுற கார்டு ஒண்ணுகூட இல்ல. எழுப்புற கார்டும் இல்ல. எல்லாத்தயும் எடுத்துட்டு வேற என்னத்தயோ வெச்சிருக்கீங்க."

அவர் ஒத்துக்கொண்டார். செத்து எழுகிற ஆட்டத்தை இந்தப் படுக்கையில் வைத்து ஆட எனக்கு மனசு வரவில்லையம்மா என்றார். சொல்லிவிட்டு அழுதார். அழுகை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உண்மையாக அழுகிறவர்களால்தான் இவ்வளவு உதவாமல் இருக்க முடியும்.

அக்கா தன் கையிலிருந்த கார்டுகளை அவருக்குக் காட்டாமல் கவிழ்த்து வைத்தாள். டெக்கோடு சேர்த்து, டப்பாவை மூடி, என் புடவைகளோடு வை என்று என்னிடம் கொடுத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரி விடுங்க, அழாதீங்க என்று அவள்தான் தேற்றினாள். அவர் எழுந்து போன பிறகு என்னிடம், "டப்பா அதே டப்பா. உறை அதே உறை. உள்ள ஆளு இல்லடி," என்றாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அடுத்த மாதம் போய்விட்டாள்.

அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அத்தான் கூப்பிட்டிருந்தார். போனேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் கார்டுகள் பரப்பிக் கிடந்தன. எனக்குக் கதவைத் திறந்துவிட்ட கையிலும் இரண்டு கார்டு. முகச்சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

அவள் நினைவாக ஒரு டெக் கட்டுகிறேன் என்றார். நிபந்தனை என்ன தெரியுமா என்று கேட்டுவிட்டு, நான் கேட்பதற்குக் காத்திருக்காமல் சொன்னார். அவள் எப்போதாவது ஒரு தடவையாவது அழகாக இருக்கிறது என்று சொன்ன கார்டுகள் மட்டும். கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டதாம். சனிக்கிழமை எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கப் போகிறார்களாம். பல் டாக்டர் முதல் ஆட்டம் ஆடுவாராம்.

எழுந்து நிற்பார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிற்பார்கள். பிறகு இவர் அவளுடைய அழகான கார்டுகளை வைத்துக்கொண்டு தோற்பார், எல்லாரும் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். அவள் செத்ததுகூட இவருக்கு ஒரு நிபந்தனையாகப் போய்விட்டது. இதையெல்லாம் சொல்ல என் வாய் துடித்தது. புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு கார்டு சேர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு வேண்டும், அவளுடைய டப்பாவில் ஒரு வெள்ளைக் குதிரை இருக்கும் என்றார். அவள் டப்பா புடவைகளுக்கு மேலேதான் இருந்தது. எடுத்துத் திறந்தார்.

குதிரை அதில் இல்லை, அது போய் வெகு நாளாகியிருந்தது. அவர் முதல் கார்டைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். பிறகு நாற்பதையும் மேசையில் வரிசையாகப் போட்டார். குழியை எரிக்கிற கார்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். அந்த வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை நான் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு டெக்கைப் பரப்பிவைத்தால் அதைக் கட்டியவள் யாரை நினைத்துக் கட்டினாள் என்று தெரிந்துவிடும். அந்த வித்தை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இத எப்ப மாத்தினா?"

"மழைக்கு முன்னாடி."

அவர் கணக்குப் போட்டார். மழைக்கு முன்னாடி. நீலக் கண், தவளை, முட்டை, தூங்குகிறவர்கள்.

"கார்ட எறக்க மறக்குறான்னு நெனச்சேன். நான் என்னமோ..."

"ஆமா அத்தான். நீங்க என்னமோ."

அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் நினைவு டெக்கை ஒரே வாரலாக வாரி ஓரத்தில் தள்ளினார். மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த மத்தியானம் எடுத்து ஒளித்து வைத்திருந்த கார்டுகளை வெளியே எடுத்தார். கறுப்பு டப்பாவில் இருந்த வேண்டாததை உருவிவிட்டு, ஒவ்வொரு பிணத்தையும் அதனதன் உறையில் திருப்பிச் செருகினார். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எனக்கு அவரோடு ஆட ஆசையே இல்லை. அக்காவுக்குத் தராததை எனக்குத் தரவேண்டியதில்லை. ஆனால் மேசையில் அவளுடைய நாற்பது கார்டுகள் கிடந்தன, அவற்றைப் பிடிக்க இந்த உலகத்தில் வேறு கை இல்லை. உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்று மட்டும் பத்திரமாக இருந்தது: குழி நிறைகிறவரைக்கும் பொறு, அவர் எழுப்புகிற கார்டை மேசையில் வைக்கட்டும், அப்போது எரி. முன்னாலேயே எரித்தால் வீண், பின்னால் எரித்தால் நீ இல்லை.

அவர் ஒரு பெரிய மிருகத்தைக் குழியில் தள்ளினார். நான் ஒரு எலியை இறக்கினேன். அவர் இன்னொன்றைத் தள்ளினார். அடுத்த முறை அவர் கை ஒரு கார்டைத் தொட்டு, பின்வாங்கி, பக்கத்துக் கார்டை எடுத்தது.

"அத்தான், யாருக்கு விட்டுக்குடுக்குறீங்க?" என்றேன். "இங்க யாரும் சாகக் கெடக்கல."

அவர் கை நின்றது. எடுத்த கார்டைத் திரும்ப வைத்துவிட்டு, முதலில் தொட்டதை எடுத்துப் போட்டார்.

அதன் பிறகு அந்த முகம் மாறியது. நான் அதுவரை பார்த்திராத முகம். தோள் முன்னால் வந்தது, கண் சுருங்கியது, உதட்டில் இரக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. நான் என்ன வைத்திருக்கிறேன் என்று என் விரல்களைப் படித்தார். என் உயிர் இருபதிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டது. பயமாக இருந்தது. அக்கா ஆசைப்பட்டது இந்த முகத்தைத்தான். மாதக்கணக்காகக் கேட்டாள். ஒரு மேசைக்கு அப்பால் இருந்த அந்த முகத்தை இவர் அவளுக்குக் காட்டவில்லை, அவளைப் போல ஆடத் தெரியாத எனக்குக் காட்டினார்.

குழி நிறைந்துகொண்டே வந்தது. அவர் எழுப்புகிற கார்டை மேசையில் வைத்தார். நான் அக்காவின் கார்டை அதன் எதிரில் வைத்தேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் குழியிலிருந்த மிருகங்களையெல்லாம், ஆட்டத்தின் விதிப்படி, தானே எடுத்து ஆட்டத்துக்கு வெளியே வைத்தார். விட்டுவிடவில்லை. கையில் இருந்த அற்ப சொற்பத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார், இரண்டாவது தடவை குழியை நிரப்பப் பார்த்தார். அதற்கும் அவள் ஒரு கார்டு வைத்திருந்தாள். அதற்கு அடுத்ததற்கும். எலிகள் அவருடைய இருபது உயிரையும் ஒவ்வொன்றாகக் கொறித்துத் தீர்த்தன.

"தோத்துட்டேன்," என்றார். வழக்கமாகச் சொல்லும் பெருமையோடு இல்லை. இந்தத் தடவை அவர்தான் தோற்றிருந்தார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்கும் அது புரிந்தது. பிறகு கார்டுகளைச் சேர்த்துக் கலைக்க ஆரம்பித்தார்.

"இன்னொரு தடவ ஆடலாமா?"

"அவ ஒண்ணுதான் கேட்டா," என்றேன்.

அவள் கார்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு, புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பையைக் கட்டினேன். அவர் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, பையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். எழுந்து நிற்கத் தயாராக இருந்தவர்கள் உட்கார்ந்தே ஆடியிருப்பார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறாள் என்று சுற்றி வளைத்துவிட்டு, அந்த டப்பா பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்கிறேன். கொடு என்று மட்டும் கேட்பதில்லை. அதை ஒரு புது விரதமாக வைத்துக்கொண்டிருக்கிறார் போல. வைத்துக்கொள்ளட்டும்.